பதில் சொல்ல வேண்டியவள்

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். ஆகஸ்டு முதல் ஞாயிறு பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை, இந்த வருஷம் எங்கள் மகள் எப்சிபாவையும் சேர்த்துவிடலாம் என்றார். காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடிந்தது.

கைப்பிள்ளையாக ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றவர்கள் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கிறோம். வளர்ந்த பிறகு பிள்ளையே சபை முன்னால் அந்த வாக்கைத் தன்னுடையதாக ஏற்க வேண்டும். அதுதான் திடப்படுத்தல். அதன் பிறகுதான் திருவிருந்தின் அப்பத்திலும் திராட்சரசத்திலும் பங்கு. எப்சியோடு ஞாயிறு பள்ளியில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கைகால் இறுகிப்போயிற்று. சக்கர நாற்காலிதான். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். பழகாதவர்களுக்கு வெறும் சத்தமாகக் கேட்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும்.

"அவ வகுப்புக்கெல்லாம் வர வேண்டாம்மா. பரீட்சையும் வேண்டாம். கேள்விக்கு நீங்க பக்கத்துல நின்னு பதில் சொல்லிருங்க. பேராயரே அவ இருக்க இடத்துக்கு வந்து தலையில கை வைப்பாவ" என்றார் ஐயா.

எப்சி வாயைத் திறந்து ஏதோ ஆரம்பித்தாள். "எனக்கு ரொம்ப சந்தோஷம் ஐயா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுதா" என்று எடுத்துச் சொன்னேன். ஐயாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

அவர் போன பிறகு அத்தான், எப்சியின் அப்பா, கேட்டார்கள்: "அம்புட்டையுமா சொன்னா? எங் காதுல 'எனக்கு'ங்கிறது மட்டுந்தான் விழுந்துச்சு."

"மீதி எனக்குத் தெரியும்லா" என்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 10, செவ்வாய்

வெள்ளைச் சேலை, ஜாக்கெட் துணி, தலையில் போட வெள்ளை முக்காடு. மூன்றையும் வீட்டுக் கணக்கில் எழுதியாயிற்று. ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் அகலமாகத் திறப்பு வைக்க வேண்டும், அவளுக்குக் கை பின்னால் வராது. சாளை மீன் மலிவு. புளி தீர்ந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

வியாழக்கிழமைதோறும் சாத்தான்குளத்தில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு எப்சியைக் கூட்டிப் போகிறேன். அங்கே கஸ்தூரி டீச்சர் என்று ஒரு பெண். கோவில்பட்டிக்காரி. நல்ல பிள்ளைதான், நம் சபை வழக்கம் தெரியாது. திடப்படுத்தலைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன்.

அவள் எப்சிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "இது உனக்கு வேணுமா எப்சி?"

"வேணும் டீச்சர், ரொம்ப நாள் ஆச" என்றேன்.

"அக்கா, நான் எப்சியக் கேட்டேன்."

"அவளுந்தான் சொல்லுதா."

"எங்க சொன்னா? இன்னும் வாயவே தொறக்கலையே." சிரித்துக்கொண்டே மேசை டிராயரைத் திறந்து பெரிய பனங்கற்கண்டுக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத வாயில போட்டுக்கோங்க. கரையிற வரைக்கும் பேசக்கூடாது. கடிக்கவும் கூடாது."

தொண்டைக்கு நல்லது என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். பனங்கற்கண்டு லேசில் கரையாது. டீச்சர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, அவசரமே இல்லாதவள்போல் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். எப்சிக்குத் தோள் ஏறியது, கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. பேச்சு வருவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான்.

"எனக்கு… வேண்டாம்."

கற்கண்டைக் கடித்துவிட்டேன். "சோர்ந்து போயிருக்கா டீச்சர். பஸ்ஸுல வந்த அலுப்பு."

"சோர்வா இருக்கா எப்சி?"

"இல்ல." இது மட்டும் எவ்வளவு வேகமாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கூட்டம் அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

உபவாசம். கோழிக்கூட்டைக் கழுவினேன்.

ஜூன் 15, ஞாயிறு

சாப்பாட்டுக்கு முன்னால் எப்சியிடம் கேட்டேவிட்டேன். "ஏட்டி, ஆண்டவர் வேண்டாமா உனக்கு?"

அத்தான் கோழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் பேச ஆளில்லாததால் அவர்களுக்குப் பொறுமை அதிகம். "கேட்டாச்சுல்லா சீலி. இனி சும்மா இரு" என்றார்கள்.

நான் உள்ளி உரிக்க உட்கார்ந்தேன். எப்சி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

"நீ பதில் சொன்னா… நீயே முழங்கால் போடு. எனக்கு எதுக்குச் சேல?"

அத்தான் கை கழுவப் புறவாசலுக்குப் போய்விட்டார்கள். சிரிக்கத்தான் போனார்கள், முதுகு குலுங்கியது.

"ஞானஸ்நானத்துல… நீ சொன்ன. இதுலயும்… நீ சொன்னா… அது ரெண்டாவது ஞானஸ்நானம். நம்ம சபையில… ரெண்டு தடவ கிடையாதுல்லா?"

கிடையாது. அது சரிதான். வாய்க்கொழுப்பு என் மாமியார் வழியில் வந்தது.

"அப்பம் நீ என்னதான் சொல்லுத?" என்று கேட்டேன்.

"வகுப்புக்குப் போறேன். பரீட்ச… எங்கிட்டயும் கேக்கட்டும். பதில்… நான்."

உரித்த உள்ளி குழம்புக்குத் தேவையானதைப்போல இரண்டு பங்கு ஆகிவிட்டது. மீதியை வதக்கி வைத்திருக்கிறேன், வீணாகாது.

ஜூன் 17, செவ்வாய்

எப்சியைத் தள்ளிக்கொண்டு போதகர் ஐயா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். டீச்சர் சொன்னதற்காக இல்லை, எப்சி அதை நீட்டினாள்.

அவள் சொன்னது ஐயாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் தொட்டுக் காட்டினேன்.

"பல்வலியாம்மா?" என்றார்.

நான் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. வேறு வழியில்லாமல் அவளையே திரும்பக் கேட்டார். அதற்கப்புறமும் கேட்டார். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது. "வகுப்புக்கு வாரேன்னா சொல்லுத?"

"ஆமா."

அவளைவிட அவருக்குத்தான் சந்தோஷம். ஆனாலும் கண்டிப்பாகப் பேசினார். விசுவாசப் பிரமாணத்தைக் கமிட்டி முன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும், சொல்லாத பிள்ளையைப் பேராயர் முன் நிறுத்த மாட்டேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம் என்றார். "சலுக வேண்டாங்கிறது நீதான் எப்சி. நாளைக்கு முடியலேன்னா அம்மா வந்து எங்கிட்ட அழக்கூடாது. இந்த வருசம் போனா அடுத்தால பேராயர் எப்பம் வருவாவன்னு எனக்கே தெரியாது."

"அழ மாட்டா" என்றாள் எப்சி. என்னைப் பற்றி அவளே சொல்லிவிட்டாள், என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

முதல் வகுப்பு. எப்படித் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்தால் தண்ணீர் புரையேறும் என்பதையெல்லாம் மற்றப் பெண்பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்தேன். "நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். விட்டுவிட்டு வந்தேன்.

சபையின் பெண்கள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது, கணக்கு நானாகப் படித்துக்கொண்டது, ஒரு நாளும் பிசகியதில்லை. இன்று மூன்று தடவை கூட்டினேன், மூன்றும் வேறு வேறாக வந்தது. வெயில்.

ஜூன் 28, சனி

வகுப்பு நடுவில் அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். எல்லாரும் சத்தமாக மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்த நேரம். இவளும் சேர்ந்து சொல்கிறாள் என்று பக்கத்துப் பிள்ளைகள் சிரித்த முகமாகத் தலையாட்டியிருக்கிறார்கள். நாற்காலி நனைந்துவிட்டது. ரூபி என்கிற பிள்ளை ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள், பாவம், அவளுக்கு அழுகை.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினேன். நாற்காலித் துணியைத் துவைத்துப் போட்டேன். எப்சி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இனி வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று தாய்க்குத் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

கஸ்தூரி டீச்சருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னால் அவளும் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முழுக்கக் கேட்டுவிட்டு, "கஷ்டமா இருந்திருக்கும்க்கா. எப்சிகிட்ட குடுங்க" என்றாள்.

"அவ பேசுதது போன்ல புரியாதே டீச்சர்."

"ஸ்பீக்கர்ல போடுங்க. புரியலேன்னா திரும்பக் கேட்டுக்கிறேன்."

டீச்சர் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்: "அடுத்த தடவ இப்படி ஆகாம இருக்க என்ன வேணும் எப்சி? நல்லா யோசிச்சே சொல்லு."

எப்சி யோசிக்கவே இல்லை. மூணு நாளாக அதைத்தான் யோசித்திருக்கிறாள் போல. "பெல்லு."

அத்தான் எழுந்து போய்ப் பழைய சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி வந்து, நாற்காலியின் வலது கையில் அவள் கட்டைவிரல் எட்டுகிற இடம் பார்த்து முறுக்கினார்கள். இங்கேயா, இன்னும் உள்ளேயா என்று அவளைக் கேட்டுக் கேட்டு முறுக்கினார்கள்.

"நான்தான் போகண்டாம்னு சொல்லிட்டேன்லா அத்தான்?"

"நீ சொன்ன. அவ போறேன்னு சொல்லுதா." ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்கள்: "சனிக்கெழம நனைஞ்சது உன் சேலையா, அவ பாவாடையா?"

பொழுது சாய்கிற வரைக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூனை வீட்டுக்குள் வரவில்லை. அவள் பையில் ஒரு மாற்றுப் பாவாடையும் துண்டும் மடித்து வைத்தேன். நான் அரைமனதாக எதையும் செய்கிறவள் இல்லை. செய்தால் ஒழுங்காகச் செய்வேன்.

ஜூலை 5, சனி

பாத்ரூமுக்கு ஒரு தடவை மணி அடித்தாளாம். ரூபியும் இன்னொரு பிள்ளையும் கூட்டிப் போயிருக்கிறார்கள், எங்கே பிடிக்க வேண்டும் என்று இவளே சொல்லியிருக்கிறாள். பாடம் வேகமாகப் போகிறது என்று ஐயாவுக்கும் ஒரு மணி அடித்தாளாம். "பிரசங்கத்துக்கு மட்டும் அந்த மணியக் கொண்டு வந்துராதம்மா" என்றார் ஐயா, கொண்டுவிட வந்த இடத்தில்.

ஜூலை 10, வியாழன்

எப்சிக்கு இருமல். டாக்டர் வழக்கம்போல் என்னைப் பார்த்து, "எத்தன நாளா இருக்கு?" என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் பேனாவைத் தட்டினார். எப்சி சொன்னாள். அதோடு, போன தடவை கொடுத்த மாத்திரையில் தூக்கம் தூக்கமாக வருகிறது, மாற்றிக் கொடுங்கள் என்றும் சொன்னாள். தூக்கமாக வருகிறது என்று எனக்குத் தெரியாது. சமர்த்தாகத் தூங்குகிறாள் என்றிருந்தேன்.

மாத்திரை மாற்றியாயிற்று. கஸ்தூரி டீச்சரிடம் சொன்னபோது, "பதினெட்டு தாண்டிட்டாக்கா. இனி ஆஸ்பத்திரி, பேங்க்கு எல்லா இடத்துலயும் அவகிட்டதான் கேக்கணும். நீங்க கூட நில்லுங்க, அது போதும்" என்றாள். கூட நிற்கத்தான் எனக்குப் பழகவில்லை, முன்னால் நின்றே பழக்கம்.

ஜூலை 16, புதன்

காலையில் தோசைக்கு மாவு புளித்துவிட்டது. எப்சி பிரமாணத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறாள். நடுவில் ஒரு பெயர் வரும் இடத்தில் நாக்கு மடங்க மாட்டேன் என்கிறது. நல்ல நாக்கு உள்ளவர்களே அதில் தடுக்குவார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சொல், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றேன். மணியை அடித்தாள்.

ஜூலை 19, சனி

பரீட்சை. பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது. நான் சபைக் கோவிலுக்கு வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றேன். நிழல் அங்கேதான் இருந்தது.

கேட்கிறவர் கமிட்டி மூப்பர் பொன்னையா. மற்றப் பிள்ளைகள் தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒப்பித்துவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். கடைசியாக எப்சி. முதல் வரி முடிவதற்குள் உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, தொண்டையைச் செருமினார்கள். இரண்டாவது வரியில் மூப்பர், "போதும் தாயி. மனசுல இருக்குல்லா, அதுவே போதும். பாஸு" என்றார்.

மணி அடித்தது.

"என்ன வேணுமாம்?" என்றார் மூப்பர். எப்சியோடு உள்ளேயே நின்ற ரூபியின் குரல் கேட்டது: "இன்னும் முடிக்கல தாத்தா."

எப்சி தொடர்ந்தாள். அந்தக் கஷ்டமான பெயர் வந்தது. முதல் எழுத்திலேயே நின்றாள். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. நான் அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னாலும் அவள் காதில் விழும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், கையெல்லாம் துரு. அவள் அந்த வரியின் தலைக்குத் திரும்பிப் போய், மறுபடி ஆரம்பித்து, அந்த இடத்துக்கு வந்து, ஏறித் தாண்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வலித்தது தெரிந்தது.

மூப்பர் வெளியே வந்து, "ஏம்மா, உம் பிள்ளகிட்ட போதும்னு ஒரு சொல்லு சொல்லக்கூடாது போலிருக்கே" என்றார்.

"அவ அப்பாவ மாதிரி" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஜாக்கெட் போட்டுப் பார்த்தோம். அளவு சரி. முக்காடு வழுக்குகிறது, இரண்டு ஊக்கு குத்த வேண்டும். சேலை வேண்டாம், நாற்காலிச் சக்கரத்தில் மாட்டும், வெள்ளைச் சுடிதார் போதும் என்றாள். நானே அதை முதலில் நினைத்திருக்க வேண்டும். சேலை வீணில்லை, ரூபிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வீட்டில் கொஞ்சம் நெருக்கடி.

ஆகஸ்டு 3, ஞாயிறு

கோவில் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் முன்வரிசையில், எப்சி நடுப்பாதை ஓரமாக. பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால். பேராயருக்கு இன்னும் இரண்டு சபைக்குப் போக வேண்டும், கார் நிழலில் திருப்பியே நிறுத்தியிருந்தது.

பேராயர் முதல் கேள்வியைக் கேட்டார். உனக்காக மற்றவர்கள் கொடுத்த வாக்கை இன்று நீயே ஏற்றுக்கொள்கிறாயா என்று. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்கள். கோவில் அதிர்ந்து அடங்கியது. பேராயர் பக்கத்தைப் புரட்டினார்.

அப்போதுதான் எப்சியின் குரல் ஆரம்பித்தது. எல்லாரும் முடித்த இடத்தில் அவளுடையது தனியாகத் தொடங்கியது. பின்னால் ஒரு சின்னப்பிள்ளை சிரித்தது, யாரோ அதட்டினார்கள். பேராயர் தலை நிமிர்ந்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

"மகள் என்ன சொல்றாங்கம்மா?" மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. போதகர் ஐயா, சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி எனக்குத் தலையை அசைத்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரே சொல். நான் சொன்னால் முடிந்தது, ஆராதனை நகரும். எப்சி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. அவளும் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

பேராயரோடு உட்கார்ந்துகொண்டு பேச முடியாது, எழுந்தேன்.

"ஐயா, அவ இன்னும் முடிக்கல. அவகிட்டயே கேளுங்க."

உட்கார்ந்துவிட்டேன். அத்தான் என் பக்கம் திரும்பாமல், இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தார்கள்.

பேராயர் கையிலிருந்த புத்தகத்தை ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தார். எப்சியின் முகத்துக்கு நேரே குனிந்தார். "சொல்லும்மா. நான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. முதலிலிருந்து சொன்னாள். ஏற்றுக்கொள்கிறேன் என்பது எவ்வளவு நீளமான சொல் என்று இன்றைக்குத்தான் அந்தக் கோவிலுக்கே தெரிந்தது. நடுவில் ஒருவரும் இருமவில்லை.

அடுத்த கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்லி முடித்தார்கள். பேராயர் பக்கத்தைப் புரட்டவில்லை. எப்சியின் பதில் வந்து சேர்ந்த பிறகுதான் புரட்டினார். கடைசிக் கேள்விக்கு மற்றப் பிள்ளைகளே மெதுவாகச் சொன்னார்கள். அது ரூபியின் வேலையாக இருக்கும்.

தலையில் கை வைத்தபோது அவளே தலையைத் தாழ்த்தினாள். யாரும் பிடிக்கவில்லை. அப்பமும் ரசமும் வாங்கினாள். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது, துடைக்கத் துணி இல்லை.

பொழுது சாய்ந்ததும் வீட்டில் குடும்ப ஜெபம். ஜெபம் பண்ணுவது எப்போதும் நான்தான். "கர்த்தாவே, எப்சிக்கு" என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"நீயே பண்ணு" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். ரூபியின் கல்லூரிப் படிப்புக்காக ஜெபித்தாள். அப்பா மழையில் கம்பத்தில் ஏறும்போது கூட இருக்கச் சொன்னாள். டீச்சரோடு பேசி வைத்திருக்கிறாளாம், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிற கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று, அதற்கு இடம் கேட்டாள். எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் ஆண்டவரிடம் சொன்னாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் மூடித்தான் இருந்தாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தோள் ஏறியது.

"அம்மாவுக்கு… வேற ஒரு வேல… குடும் ஆண்டவரே."

அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆமென் முதலில் சொன்னது நான்தான். சத்தமாகவே சொன்னேன்.